82 பெண்கள் அங்கி, 13 ஜோடி ஆண்கள் செருப்பு: கி.பி. 303-ல் ஒரு சர்ச் ரெய்டு

இன்னைக்கு ஒரு ரெய்டு பத்திப் பேசப் போறோம்.

தேதி கி.பி. 303, மே 19. இடம் வட ஆப்பிரிக்காவுல, நுமிடியா பகுதியில, சிர்டா என்கிற ஊர். இன்னைக்கு அதுக்குப் பேர் கான்ஸ்டன்டைன், அல்ஜீரியாவுல இருக்கு. மேப்ல போட்டோ பாருங்க, பாறை மேல ஊர், அதைச் சுத்தி தலை சுத்துற மாதிரி பள்ளத்தாக்கு. ரெய்டுக்கு வந்தவர் அந்த ஊர் நிர்வாக அதிகாரி முனாட்டியுஸ் ஃபெலிக்ஸ். வந்த இடம், கிறிஸ்தவர்கள் கூடுற வீடு.

ஆதி கிறிஸ்தவர்கள்னு சொன்னதும் நமக்கு சிங்கம், கொலோசியம், ரகசியச் சுரங்கம்னு சினிமா ஓட ஆரம்பிச்சிடும். அந்தக் கதைகள்ல பாதிக்கு மேல சபையே தன்னோட வீரர்களைப் பத்தி எழுதி வச்சது. நான் பொய்னு சொல்லல. ஆனா வீரரைப் பத்தி எழுதும்போது வீட்டுல எத்தனை விளக்கு இருந்துச்சுன்னு யாரும் எழுத மாட்டாங்க இல்லையா? இந்த சிர்டா ரெய்டு வேற மாதிரி. இதைக் குறிச்சு வச்சது அரசாங்க எழுத்தர். யார் என்ன கேட்டாங்க, யார் என்ன பதில் சொன்னாங்க, என்னென்ன எடுத்தோம், அவ்வளவுதான். நான் வேலையில தினமும் லாக் ஃபைல் படிக்கிற ஆள். லாக் ஃபைலுக்கு எது முக்கியம், எது முக்கியமில்லன்னு தெரியாது, அதனால எல்லாத்தையும் எழுதி வச்சிடும். எனக்கு இந்த ஆவணம் பிடிச்சதுக்குக் காரணம் அதுதான்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். 303 பிப்ரவரி 23, நிக்கோமீடியா. இன்னைக்கு துருக்கியில இஸ்மித். அங்க பேரரசர் டயோக்லீஷியனோட அரண்மனையிலிருந்து பாத்தா தெரியுற தூரத்துல ஒரு சர்ச் இருந்துச்சு. அன்னைக்குக் காலையில அதை இடிச்சாங்க. மறுநாள் அரசாணை ஒட்டினாங்க. சர்ச் கட்டடங்களை இடிக்கணும், வேத நூல்களை எரிக்கணும், பதவியில இருக்கிற கிறிஸ்தவர்களோட அந்தஸ்தைப் பறிக்கணும். அந்த முதல் ஆணை யாரையும் கொல்லச் சொல்லல, குறி முக்கியமா கட்டடமும் புத்தகமும். அந்த ஆணை சிர்டாவுல நடைமுறைக்கு வந்தப்போ மே மாசம் ஆயிடுச்சு.

இன்னொரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. 260-ல பேரரசர் கல்லியேனுஸ் கிறிஸ்தவர்களை விட்டுடச் சொன்னதுக்கு அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல பெரிய தொந்தரவு கிடையாது. அதாவது சிர்டாவுல அன்னைக்குக் கதவைத் திறந்தவங்கள்ல பலபேர் இப்படி ஒண்ணைப் பெரியவங்க சொல்லித்தான் கேட்டிருப்பாங்க, பாத்திருக்க மாட்டாங்க. என்ன செய்யணும்னு யாருக்கும் பழக்கம் இல்ல.

சரி, ஃபெலிக்ஸ் உள்ள வரார். பிஷப் பேர் பவுலுஸ். அவர் உட்கார்ந்திருக்கார்னு எழுத்தர் குறிக்கிறார். அடுத்து மூப்பர்கள், டீக்கன்கள், அவங்களுக்குக் கீழ உதவி டீக்கன்கள். அந்த உதவி டீக்கன்கள்ல சில்வானுஸ்னு ஒருத்தர், இந்தப் பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வரிசை அத்தோட முடியல. அடுத்து யார் தெரியுமா? குழி வெட்டுறவங்க. பிணம் புதைக்கிறவங்க. ஆறு பேரைப் பேர் சொல்லி எழுதிட்டு, இன்னும் மத்த குழி வெட்டுறவங்களும்னு சேர்த்திருக்கார் எழுத்தர். சபை ஊழியர் பட்டியல்ல அவங்களுக்கு இடம் இருக்கு. நம்ம ஊர்ல குழி வெட்டுறவரை எங்க நிக்க வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்ல.

ஃபெலிக்ஸ் முதல்ல கேட்டது வேத நூல்களை. பிஷப் பவுலுஸ், புத்தகமெல்லாம் வாசகர்கள்கிட்ட இருக்கு, இங்க இருக்கிறதைத் தரோம்னு சொல்றார். வாசகர்னா கூட்டத்துல வேதத்தை உரக்க வாசிக்கிறவர். பலபேருக்கு எழுத்து தெரியாத காலம், அதனால அது ஒரு பொறுப்பு. அவங்க யார் யார்னு காட்டுங்கன்னு கேட்டா, உங்க ஆபீஸ்காரங்களுக்கே அவங்களைத் தெரியுமேன்னு பதில். கூர்ந்து பாருங்க, பொய் சொல்லல, பேரும் சொல்லல. ஆனா தப்பிக்கிற வழியா, இல்ல பொறுப்பை வேற ஆள் தலையில தள்ளுற வழியா? எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ரெண்டுமே தோணுது.

சரி, அது அப்புறம், முதல்ல பொருளை எடுங்கன்னு ஃபெலிக்ஸ் சொல்ல, பட்டியல் ஆரம்பிக்குது. தங்கக் கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. வெள்ளிக் குடம் 6. வெள்ளியில ஒரு சமையல் பாத்திரம். வெள்ளி விளக்கு 7. வெண்கலத்துல குட்டையான விளக்குத்தண்டு 7. சங்கிலியோட தொங்குற வெண்கல விளக்கு 11. இதுவரைக்கும் நாம எதிர்பார்க்கிற சர்ச் சாமான்தான். அடுத்து வருது பாருங்க. பெண்கள் அங்கி 82. முக்காடு 38. ஆண்கள் அங்கி 16. ஆண்கள் செருப்பு 13 ஜோடி. பெண்கள் செருப்பு 47 ஜோடி.

இதை முதல் தடவை படிச்சப்போ நான் திரும்ப மேல போய், ஏதாவது துணிக்கடையோட பட்டியலைத் தப்பா திறந்துட்டேனான்னு பாத்தேன். ஒரு வழிபாட்டு வீட்டுல எதுக்கு 47 ஜோடி பெண்கள் செருப்பு?

ஞானஸ்நானம் எடுக்கிறவங்க மாத்திக்கிற உடையா இருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு. ஆனா எனக்குச் சரின்னு படுறது, பொதுவா வரலாற்றாளர்கள் சொல்றது, இது ஏழைகளுக்குக் கொடுக்க வச்சிருந்த துணி. அதுக்குப் பக்கபலம் இருக்கு. சிர்டாவுக்குக் கிழக்கே கார்த்தேஜ்ல, இதுக்கு நூறு வருஷம் முன்னாடி, தெர்த்துல்லியன்னு ஒரு எழுத்தாளர் தன் சபையைப் பத்திச் சொல்றார்: மாசம் ஒருதரம் அவங்கவங்க முடிஞ்சதைப் போடுறாங்க, கட்டாயம் இல்ல. அது ஏழைகளுக்குச் சோறு போடவும், செத்தா புதைக்கவும், அநாதைப் பிள்ளைகளுக்கும், நடமாட முடியாத வயசானவங்களுக்கும், கப்பல் உடைஞ்சு வந்தவங்களுக்கும் போகுது. 251 வாக்குல ரோம் பிஷப் கொர்னேலியுஸ் ஒரு கடிதத்துல கணக்கே தரார். 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள்னு வரிசையா எழுதிட்டு, சபை பராமரிக்கிற விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேலன்னு சொல்றார். ஒரே ஊர்ல.

அப்போ சிர்டாவுல குழி வெட்டுறவங்க ஏன் ஊழியர் பட்டியல்ல இருந்தாங்க, அங்கிகள்ல பெண்கள் அங்கி ஏன் அஞ்சு மடங்கு, ரெண்டும் ஒரே இடத்துல சேருது. வாசல்ல வந்து நின்னவங்கள்ல அதிகம் பெண்கள், விதவைகள். அதிகாரி அன்னைக்கு அள்ளிட்டுப் போனது அவங்க துணியை. அந்தப் பெண்கள்ல ஒருத்தர் பேர்கூட பட்டியல்ல இல்ல. செருப்போட எண்ணிக்கைதான் இருக்கு.

அடுத்து நூலக அறை. அலமாரிகள் காலி. அங்க சில்வானுஸ் ஒரு வெள்ளிப் பெட்டியும் ஒரு வெள்ளி விளக்கும் கொண்டு வந்து வைக்கிறார், ஒரு ஜாடிக்குப் பின்னாடி இருந்துச்சாம். அது மட்டும் கிடைக்காம இருந்திருந்தா நீ செத்திருப்பேன்னு அதிகாரி பக்கத்து ஆள் ஒருத்தர் அவர்கிட்ட சொல்றார். சாப்பாட்டு அறையில 4 பெரிய தாழியும் 6 ஜாடியும். கடைசியா கட்டுலினுஸ்னு ஒரு உதவி டீக்கன் ஒரே ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துட்டு வரார். மத்ததெல்லாம் எங்கன்னு ஃபெலிக்ஸ் கேட்கிறார். கட்டுலினுஸும் இன்னொரு உதவி டீக்கன் மார்குக்லியுஸும், புத்தகம் வாசகர்கள்கிட்ட இருக்குன்னு சொல்றாங்க. வீட்டைக் காட்டுங்கன்னா தெரியாதுங்கறாங்க. பேரையாவது சொல்லுங்கன்னா, நாங்க காட்டிக்கொடுக்கிறவங்க இல்ல, வேணும்னா கொல்லச் சொல்லுங்கன்னு நிக்கிறாங்க. ரெண்டு பேரையும் பிடிச்சு வைக்கச் சொல்றார் ஃபெலிக்ஸ்.

கவனிச்சீங்களா? அதே கட்டுலினுஸ்தான் ஒரு நிமிஷம் முன்னாடி புத்தகம் கொடுத்தது. புத்தகத்தைக் கொடுக்க முடிஞ்ச ஆளுக்கு மனுஷங்க பேரைக் கொடுக்க முடியல. இதுக்கு நீங்க என்ன மார்க் போடுவீங்க?

புத்தகங்களை வாசகர்கள் வீடுகள்ல பிரிச்சு வச்சிருந்தது, எங்க பாஷையில சொன்னா, டிஸ்ட்ரிபியூட்டட் பேக்கப். ஒரு இடம் போனாலும் மத்தது நிக்கும். எல்லா முகவரியும் தெரிஞ்ச ஒருத்தர் வாயைத் திறக்கிற வரைக்கும் அது வேலை செய்யும். இங்க எடுசியுஸ், ஜூனியுஸ்னு ரெண்டு எழுத்தர்கள் நாங்க காட்டுறோம்னு முன்னாடி வந்தாங்க. அப்புறம் வீடு வீடா போறாங்க. யூஜீனியுஸ் வீட்டுல 4 புத்தகம். ஃபெலிக்ஸ்னு ஒரு கைத்தொழில்காரர், 5. விக்டோரினுஸ், 8. ப்ரொஜெக்டுஸ், பெரிசு 5, சின்னது 2. யூட்டிசியுஸ்னு ஒருத்தர், என்கிட்ட எதுவும் இல்லன்னு சொல்லிட்டார். அதையும் எழுத்தர் பதிவு பண்ணிட்டார்.

கொத்தேயோன்னு ஒரு வாசகர் வீட்டுக்குப் போனா அவர் இல்ல, மனைவிதான் இருக்காங்க. அந்த அம்மா 6 புத்தகம் கொண்டு வந்து கொடுக்கிறாங்க. இன்னும் இருக்கான்னு கேட்டா, இல்லன்னாங்க. நம்பாம நகராட்சி அடிமை ஒருத்தரை உள்ள அனுப்பித் தேட வைக்கிறாங்க. அவர் பேர் போஸ். லத்தீன்ல மாடுன்னு அர்த்தம். போஸ் உள்ள போய்த் தேடிட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றார். உண்மையிலேயே இல்லையா, பாத்தும் பாக்காத மாதிரி வந்துட்டாரான்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆவணத்துல அதுக்கு இடம் இல்ல, நான் சும்மா சொல்றேன்.

இடையில ஒரு வீட்டை வேணும்னே விட்டேன். விக்டர், இலக்கண ஆசிரியர். அவர் கொடுத்தது 2 புத்தகமும், தைக்காத 4 கட்டு தாள்களும். இன்னும் இருக்குமேன்னு ஃபெலிக்ஸ் கேட்க, இருந்தா கொடுத்திருப்பேனேன்னு பதில். மொத்தம் கூட்டிப் பாத்தேன், அன்னைக்குப் போனது 33 புத்தகமும் அந்த 4 கட்டும். எல்லாம் கையால எழுதினது.

இந்த ரெய்டு இத்தோட முடிஞ்சிருந்தா நான் எபிசோட் போட்டிருக்க மாட்டேன்.

கொடுத்தவங்களுக்கு லத்தீன்ல ஒரு பேர் வந்துச்சு, த்ராதித்தோர். ஒப்படைச்சவன்னு நேர் அர்த்தம். ஆங்கிலத்துல ட்ரெய்ட்டர் அதிலிருந்து வந்த சொல்தான். நம்ம தமிழைப் பாருங்க, காட்டிக்கொடுத்தவன்ல கூட ஒரு கொடுத்தவன் ஒளிஞ்சிருக்கான். துன்புறுத்தல் தணிஞ்சதும் வட ஆப்பிரிக்கா சபைகள்ல எழுந்த முதல் கேள்வி, யார் கொடுத்தது, யார் கொடுக்கல. கொடுக்க மறுத்து உயிரை விட்டவங்க இருந்தாங்க. திபியூக்கா பிஷப் ஃபெலிக்ஸ் 303-லயே கொல்லப்பட்டார். அபித்தினேன்னு ஒரு ஊர்ல பிஷப்பே புத்தகத்தைக் கொடுத்துட்டார், ஆனா மக்கள் வீட்டுல கூடினாங்க, 304-ல பிடிபட்டு கார்த்தேஜுக்குக் கொண்டு போகப்பட்டாங்க. அவங்களைப் பாத்த கண்ணோட ஒருத்தர், கொடுத்துட்டு உயிரோட நிக்கிற பிஷப் கையால அப்பம் வாங்கணுமா? இந்தக் கேள்வியைச் சின்னதா நினைக்காதீங்க.

சிர்டாவுக்கே புது பிஷப் வேணும்னு சில வருஷத்துல பக்கத்து ஊர் பிஷப்புகள் ஒரு வீட்டுல கூடுறாங்க. தலைமை திகிசிஸ் ஊர் செக்குந்துஸ். அவர் ஒவ்வொருத்தரா நீ கொடுத்தியான்னு விசாரிக்கிறார். ஒருத்தர் சில தாள்களைக் கொடுத்தேன், புத்தகத்தைக் காப்பாத்திட்டேன்கிறார். கலாமா ஊர் தொனாத்துஸ், வேதத்துக்குப் பதிலா மருத்துவப் புத்தகங்களைக் கொடுத்தேன்கிறார்! புர்ப்பூரியுஸ்னு ஒருத்தர், இவர் மேல கொலைக் குற்றச்சாட்டே உண்டு, திருப்பிக் கேட்டார்: உங்களையும்தானே அதிகாரி பிடிச்சான், ஒண்ணும் கொடுக்காம எப்படி விட்டான்? கூட்டம் அமைதி. செக்குந்துஸோட உறவுக்காரர் மெதுவா சொல்றார், இதைத் தொடர்ந்தா யாரும் மிஞ்ச மாட்டாங்கன்னு. சரி, கடவுள் பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. பிஷப்பா ஆனது யாரு? ஜாடிக்குப் பின்னாடியிருந்து வெள்ளி விளக்கை எடுத்துக் கொடுத்த சில்வானுஸ். சிர்டா மக்கள்ல பலர் வேண்டாம்னு கத்தினாங்க, கொடுத்தவன் எங்களுக்கு பிஷப்பான்னு. எடுபடல.

இதுல எனக்கு ஜீரணிக்கவே முடியாத இடம் இதுக்கு அடுத்து வருது. இதே செக்குந்துஸும் கூட்டாளிகளும் கார்த்தேஜுக்குப் போய், அங்க பிஷப்பான கேசிலியானுஸை ஏத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க. காரணம், அவருக்குப் பதவி கொடுத்த பிஷப்புகள்ல ஒருத்தர் புத்தகம் கொடுத்தவராம்! அந்த ஒருத்தர், அப்துங்கா ஊர் ஃபெலிக்ஸ், 315 விசாரணையில நிரபராதின்னு தெரிஞ்சது. அவருக்கு எதிரா காட்டின கடிதத்துல பின்னாடி வரி சேர்த்திருந்தாங்க. ஆனா சபை அதுக்குள்ள ரெண்டா உடைஞ்சிருச்சு. ஊருக்கு ஊர் ரெண்டு பிஷப், ரெண்டு சர்ச். தொனாத்திஸ்ட் பிரிவுன்னு வரலாற்றுப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க.

320-க்கு வாங்க. நுமிடியா ஆளுநர் செனோஃபிலுஸ் முன்னாடி வழக்கு. பிஷப் சில்வானுஸோட சண்டை போட்ட நுந்தினாரியுஸ்னு ஒரு டீக்கன், சில்வானுஸ் புத்தகமும் சாமானும் கொடுத்த கதையை வெளிய கொண்டு வரார். முதல்ல கூண்டுல ஏறினவர் யார்? நம்ம விக்டர், இலக்கண ஆசிரியர். பதினேழு வருஷம் கழிச்சு. தன்னைப் பத்திச் சொல்றார்: லத்தீன் இலக்கியம் சொல்லிக் கொடுக்கிறேன், அப்பா ஊர் மன்ற உறுப்பினர், தாத்தா ராணுவத்துல இருந்தவர், எங்க பூர்வீகம் மூர் இனம். படிச்ச, மதிப்பான குடும்பம். ரெய்டு பத்திக் கேட்டா, அப்போ நான் மலைக்கு ஓடிப் போயிட்டேன், நான் இல்லாதப்போ வீட்டிலிருந்து எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றார்.

அப்போ 303 மே 19 பதிவேட்டை எடுத்து உரக்க வாசிக்கிறாங்க. நான் இவ்வளவு நேரம் சொன்ன பட்டியல் முழுசும், விளக்கு, அங்கி, செருப்பு, எல்லாம். விக்டர் வீடு வருது. 2 புத்தகம், 4 கட்டு. இருந்தா கொடுத்திருப்பேனேன்னு அவர் சொன்ன பதில். மறைக்காம ஒத்துக்கோங்கன்னு ஆளுநர் அழுத்துறார்.

அந்த மனுஷனை நினைச்சுப் பாருங்க. மலைக்கு ஓடினேன்கிறது முழுப் பொய்யா, பாதி உண்மையா, இல்ல பதினேழு வருஷமா தனக்கே சொல்லிச் சொல்லி நம்பிட்டாரா? நான் அவரைத் திட்ட மாட்டேன். வாசல்ல ஆள் வந்து நின்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

சில்வானுஸ் விஷயத்துல அந்த இரக்கம் எனக்கு வரல, அதுக்குப் புத்தகம் காரணம் இல்ல. அதே விசாரணையில இன்னொண்ணு வெளிய வந்துச்சு. லூசில்லான்னு கார்த்தேஜ் பணக்காரப் பெண்மணி 400 ஃபொல்லிஸ் கொடுத்திருக்காங்க. ஃபொல்லிஸ்னா அன்னைக்குக் காசு மூட்டைக் கணக்கு. ஏழைகளுக்குன்னு சொல்லி வந்த பணம். பிஷப்புகள் தங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டாங்கன்னு சாட்சி. ஏழைகளுக்கு ஏதாவது வந்துச்சான்னு ஆளுநர் சாட்சிகளைக் கேட்கிறார். யாருக்கும் எதுவும் வரலன்னு பதில். விக்டர்னு வேற ஒருத்தர், துணி வெளுக்கிறவர், 20 ஃபொல்லிஸ் கொடுத்து மூப்பர் பதவி வாங்கினதும் வந்துச்சு. 82 அங்கி அடுக்கி வச்சிருந்த சபை அது.

411-ல கார்த்தேஜ்ல ரெண்டு தரப்பும் பேரரசர் உத்தரவுப்படி நேருக்கு நேர் கூடுறாங்க. ஒரு பக்கம் அகுஸ்தீன். ரெண்டு பக்கமும் 280 பிஷப்புகளுக்கு மேல. ரெய்டு நடந்து 108 வருஷம் ஆச்சு, கொடுத்தவங்க, வாங்கினவங்க எல்லாரும் மண்ணுக்குள்ள. அங்கயும் செக்குந்துஸ் நடத்தின அந்தக் கூட்டத்தோட குறிப்பை எடுத்து வச்சு, சபைக் கூட்டக் குறிப்புல தேதி போடுற வழக்கம் இல்லையே, இதுல எப்படி தேதி இருக்குன்னு ஒரு தரப்பு ஆட்சேபம் பண்ணுச்சு. டைம்ஸ்டாம்ப் சண்டை! யார் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாங்கன்னு நூறு வருஷம் பக்கம் பக்கமா வாதாடினாங்க. அந்த 47 ஜோடி செருப்பு யாருக்காக இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களான்னு நானும் தேடிட்டு இருக்கேன்.

320 விசாரணைப் பதிவும் நமக்கு முழுசா கிடைக்கல. சாட்சிகள் பேசிட்டு இருக்கும்போதே கையெழுத்துப் பிரதி அறுந்து போகுது. அந்த சாட்சிகள்ல விக்டர், சாத்துர்னினுஸ்னு ரெண்டு பேர். குழி வெட்டுறவங்க. 303 பட்டியல்லயும் அதே வேலையில அதே ரெண்டு பேர் இருக்கு. சில்வானுஸை யார் கூடி பிஷப் ஆக்கினாங்க, ஊர் மக்கள் என்ன கத்தினாங்கன்னு ஆளுநர் முன்னாடி நின்னு சொன்னவங்கள்ல அவங்களும் உண்டு.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம்.